வரப்புக்கு ஒரு நியாயம், தார் ரோட்டுக்கு ஒரு நியாயமா?

வரப்புல நண்டு வளையைப் பார்த்தா அன்னைக்கே மண்ணை வச்சு மிதிச்சு அடைக்கணும். விட்டா ராத்திரியோட வரப்பு உடைஞ்சிடும். எங்க ஊர்ல பத்து வயசுப் பையனுக்கும் தெரிஞ்ச சங்கதி இது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறுல ரோடு போடுறவங்களுக்கு மட்டும் ஏன் தெரியலன்னு எனக்கு விளங்கல.

தார் ரோட்டுக்கு எமன் லாரி மட்டும் இல்லைங்க, தேங்குற தண்ணியும்தான். விரிசல்ல தண்ணி இறங்கினா ஜல்லியைப் பிடிச்சிருக்கிற தார் விட்டுப்போகும். மேல நாலு பஸ் போனா ஜல்லி பேந்து பள்ளமாயிடும்.

ரோடு நிலைக்க மூணு வேலை போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு. அந்தத் தண்ணியை வாங்கிக்கத் தூர்வாரின வடிகால். விரிசல் விட்டதும் தார் ஊத்தி அடைக்கிறது. புது ரோடு போடுறதைவிட விரிசலை அடைக்கச் செலவு கம்மி. ஆனா அதுக்குத் திறப்பு விழா கிடையாதே!

அதனால பழசு மேலயே புதுசைப் போடுறாங்க. அடியில இருக்கிற விரிசல் கொஞ்ச நாள்ல மேலயும் வந்துடும். தடவைக்கு 4 சென்டிமீட்டர்னாலும் நாலு தடவையில அரை அடி ஏறிடும். ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகுது. அப்புறம் மழைத்தண்ணி கூடத்துக்கு வராம எங்க போகும்?

பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாசமே உத்தரவு போட்டார். உங்க தெருவுல அது நடந்துச்சான்னு வாசப்படியைப் பார்த்தாலே தெரியும்.

"பிளாஸ்டிக் கலந்து போட்டா சரியாயிடும்"னு சிலர் சொல்றாங்க. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடிச்ச முறை அது. 2002-லயே நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவுல போட்டாங்க. சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக் பூச்சா ஒட்டிக்கிறதால தண்ணி சீக்கிரம் இறங்காது. அருமையான முறைதான். ஆனா தண்ணி வடியாத வயல்ல எந்த ஒசத்தி விதையைப் போட்டாலும் பயிர் அழுகத்தானே செய்யும்?

உங்களையும் ஒண்ணு கேக்கணும். கார் ஏத்துறதுக்கு வடிகால் வாயை அடைச்சு வாசல்ல சிமெண்ட் சாய்வு கட்டினது யாரு? குப்பையை அதுக்குள்ள தள்ளினது யாரு?

அடுத்த தடவை தார் வண்டி வந்தா, புது ரோடு வருதுன்னு சந்தோஷப்பட்டு உள்ள போயிடாதீங்க. பழசைச் சுரண்டினீங்களா, தண்ணி எந்தப் பக்கம் ஓடும், குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டுற வேலை முடிஞ்சுதானான்னு கேளுங்க. பதில் வராம வேலையை ஆரம்பிக்க விடாதீங்க.