காயம்பட்டவரைக் களமிறக்கலாமா?

மார்ச் மாதம் பிறந்ததும் ஒஸ்லோவின் தெருக்களில் பனி உருகத் தொடங்குகிறது. ஐஸ் ஹொக்கி அரங்குகளிலோ சூடு ஏறத் தொடங்குகிறது. இலையுதிர்காலம் முதல் ஆடிவந்த அணிகளுள் முன்னணியில் நிற்பவை, இந்நாட்டவர் 'ஸ்லுத்ஸ்பில்' என்றழைக்கும் இறுதிச்சுற்றினுள் நுழைகின்றன. ஒரே எதிரணியுடன் மீண்டும் மீண்டும் மோதி, ஏழு ஆட்டங்களுள் நான்கில் வெல்வோரே மேலே செல்வர். இந்நாட்களில் எமது வேலைத்தலங்களின் உணவறைகளில் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு. காயமடைந்திருக்கும் இன்ன வீரர் ஆடுவாரா, மாட்டாரா?

இது அவர்களுடைய விளையாட்டு, எமக்கென்ன என்று கடந்துபோக நாம் விரும்பவில்லை. எமது பிள்ளைகள் ஐஸ் ஹொக்கியில் சிலராகவும் உதைபந்தாட்டம், கைப்பந்தாட்டம் ஆகியவற்றில் பலராகவும் இந்நாட்டுக் கழகங்களில் ஆடுகின்றனர். அவர்களது வீட்டு வாசலிலும் இதே கேள்வி நிற்கின்றது.

ஒஸ்லோவில் 1987ஆம் ஆண்டு பிறந்த மத்ஸ் சுக்கரெல்லோவை அறியாத ஹொக்கி இரசிகர் இங்கு இல்லை. உயரத்தில் சிறியவராயினும் வட அமெரிக்காவின் உயர்மட்டத் தொடரில் நிலைத்து நின்று பெயர் பெற்றவர் அவர். 2015 ஏப்ரலில், நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக இறுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது, தம் அணியைச் சேர்ந்தவரே அடித்த வன்ரப்பர் வட்டு அவரது தலையைத் தாக்கியது. மண்டையோட்டில் வெடிப்பு, மூளையிலும் காயம். சில நாட்கள் அவரால் பேச முடியவில்லை. அணி அவரின்றியே ஆடியது. அரையிறுதியின் ஏழாவது ஆட்டம்வரை சென்று தோற்றது. ஒரு கிண்ணம் கைநழுவியதென்று அன்று வருந்தியோர் பலர். ஆயினும் அடுத்த பருவத்தில் அவர் மீண்டு வந்து 26 கோல்களை அடித்தார். விடாமுயற்சிக்காக அத்தொடரில் வழங்கப்படும் மாஸ்ரர்ற்றன் விருதுக்கான 2016ஆம் ஆண்டின் இறுதிப் பட்டியலில் அவரது பெயரும் இடம்பெற்றது.

அதே வீரரின் மற்றொரு காயத்தையும் பாருங்கள். 2019 பெப்ரவரியில் டலஸ் அணிக்கு மாற்றப்பட்ட அவர், தமது முதல் ஆட்டத்திலேயே எதிரணியின் அடியைத் தடுக்க முயன்று கையை முறித்துக்கொண்டார். ஐந்து வாரங்களளவில் எலும்பு பொருந்தியபின், இறுதிச்சுற்றுக்குச் சற்று முன்னர் களம் திரும்பினார். அச்சுற்றில் ஆடிய 13 ஆட்டங்களில் நான்கு கோல்களை அடித்ததோடு ஏழு கோல்களுக்குத் துணைநின்றார்.

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முறிந்த எலும்பு பொருந்திவிட்டதா என்பதை எக்ஸ்றே படம் காட்டிவிடும். எஞ்சியிருக்கும் ஆபத்தை வைத்தியர் அளந்து கூறலாம். முதிர்ந்த வீரர் அதனை அறிந்து ஏற்கலாம். மூளையில் ஏற்படும் அதிர்வோ அத்தகையதன்று. சாதாரணப் படங்களில் அது பெரும்பாலும் புலப்படுவதில்லை. தலை வலிக்கிறதா, ஒளி கண்ணைக் கூசச் செய்கிறதா, நினைவு தடுமாறுகிறதா என்பதை ஆட்டக்காரர் வாய்திறந்து சொன்னாலன்றி முழுமையாக அறிய வழியில்லை. இதனாலேயே 2022இல் அம்ஸ்ரடாமில் கூடிய சர்வதேச நிபுணர்கள், மூளை அதிர்வு என்ற ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரரைக் களத்திலிருந்து அகற்ற வேண்டும், அன்றைய தினம் மீண்டும் இறக்கக் கூடாது என்பதை வலியுறுத்தினர். அதன்பின்னரும் படிப்படியாகவே திரும்ப வேண்டும். உடல் மோதும் பயிற்சிக்கு முன்னர் வைத்தியரின் அனுமதி வேண்டும்.

ஆகவே அணித்தேர்வின்போது முதலில் கேட்கவேண்டியது, "இவர் இல்லாமல் வெல்வோமா?" என்பதன்று. "இவர் தமது வலியைப் பற்றி உண்மை சொல்லத் துணிவாரா?" என்பதே. உண்மை சொன்னால் இடம் பறிபோகும் என்ற அச்சம் நிலவும் அணியில், எந்த வைத்தியரின் தீர்ப்பும் அரைகுறையாகவே அமையும்.

வலியோடு ஆடியவர்களைப் போற்றும் கதைகள் ஹொக்கியில் ஏராளம். 2013ஆம் ஆண்டின் இறுதிப்போட்டியில் பொஸ்ரன் அணியின் பற்றிஸ் பேர்ஜரோன் முறிந்த விலா எலும்போடும் விலகிய தோள்மூட்டோடும் ஆறாவது ஆட்டத்தில் ஆடினார். முடிவில் அவரது நுரையீரலிலும் துளை ஏற்பட்டிருப்பது தெரியவந்தது, வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அணியும் அன்று தோற்றது. அவரது மனவுறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதனை முன்மாதிரியாகக் காட்ட எமது மனம் ஒப்பவில்லை.

ஒப்பாமைக்குக் காரணமும் உண்டு. ஊரில் ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஓர் இல்லத்தின் பொறுப்பாளராக நாம் இருந்தோம். அஞ்சலோட்டத்தின் கடைசிச் சுற்றை ஓடவேண்டிய மாணவன் காலையில் நொண்டியபடி வந்தான். "ஏலுமா?" என்று கேட்டோம். "ஏலும் சேர்" என்றான். கேட்டது நாமே, கேட்க விரும்பிய பதிலைப் பெற்றதும் நாமே. எமது இல்லம் கேடயத்தை வென்றது. அவன் அதன்பின் அந்த வருடம் முழுவதும் ஓடவில்லை. ஆசிரியரிடம் "ஏலாது" என்று சொல்ல அவனுக்கு நாம் ஒருபோதும் கற்பித்திருக்கவில்லை என்பது பின்னரே எமக்கு உறைத்தது.

அகதிகளாக வந்த நாம் வலியை மறைப்பதில் தேர்ந்தவர்கள். முதுகு வலிக்க வலிக்கத் துப்புரவு வேலைக்குச் சென்றோம். வேலை போய்விடுமோ என்று அஞ்சி விடுப்புக் கேட்கத் தயங்கினோம். நோயுற்ற தொழிலாளிக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம் வழங்கும் சட்டம் 1978 முதல் இந்நாட்டில் உண்டு. இருந்தும் எம்மிற் பலர் அதனைப் பயன்படுத்தக் கூசினோம். அன்றைய நிலையில் அதற்கு நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் எமது சொல்லைவிட எமது நடத்தையையே கூர்ந்து கற்கின்றனர். காய்ச்சலோடு வேலைக்குப் புறப்படும் தந்தையைக் கண்டு வளரும் மகன், தலை சுற்றுகிறதென்று பயிற்றுநரிடம் சொல்வானா?

இன்னொன்றும் உண்டு. மொழி தெரியாத பெற்றோருக்காக வைத்தியரிடம் பேசுபவன் பெரும்பாலும் பிள்ளையே. காயம்பட்டவனும் அவனே, மொழிபெயர்ப்பவனும் அவனே என்றால், சனிக்கிழமை ஆட்டத்தைத் தவறவிட விரும்பாதவன் எதனை மொழிபெயர்ப்பான், எதனை விழுங்குவான்? பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடைசெய்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அது சலுகையன்று, உரிமை.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் "வென்றீர்களா?" என்று கேட்பதற்கு முன் "எங்காவது நோகுதா?" என்று கேளுங்கள். கேட்டபின் பதிலுக்குப் பொறுத்திருங்கள். தலையில் அடிபட்டிருந்தால், எத்தனை பெரிய ஆட்டம் காத்திருந்தாலும் வைத்தியரின் சொல்லுக்கு மேல் பயிற்றுநரின் சொல்லும் பிள்ளையின் ஆசையும் நிற்க வேண்டாம். எமது கழகங்களின் சுற்றுப்போட்டிகளை நடத்துவோரும் இதனையே விதியாகக் கொள்ளட்டும். "இன்று என்னால் ஏலாது" என்று சொல்லும் பிள்ளையின் இடத்தை அடுத்த ஆட்டத்துக்காகக் காத்து வையுங்கள்.

கிண்ணம் அடுத்த வருடமும் வரும். அன்று நொண்டியபடி வந்த அந்த மாணவனிடம் இன்று நாம் மீண்டும் கேட்க முடிந்தால், "ஏலுமா?" என்று கேட்கமாட்டோம். "இரு தம்பி, காலைக் காட்டு" என்றுதான் சொல்வோம்.