மறைந்த உணவுச்சாலைகளும் மறக்கலாகாத உண்மைகளும்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு காலத்திற் கொடிகட்டிப் பறந்து, இன்று பெயரளவில் மட்டும் எஞ்சியுள்ள சாப்பாட்டுக்கடைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர்க்கு நேரம் போவது தெரிவதில்லை. கலியாணப் பந்தலிலும், அந்தியேட்டி வீட்டுத் திண்ணையிலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கூடும் பழைய மாணவர் சந்திப்புக்களிலும் இப்பேச்சு எழாமல் இருப்பதில்லை. தாமோதர விலாசை ஒருவர் புகழ்வார். சுபாஸ் கபேயின் ஐஸ்கிறீமை மற்றொருவர் நினைவுகூர்வார். லிங்கம் கூல்பாரை மறக்கலாமோ என்று மூன்றாமவர் குறுக்கிடுவார். மலாயன் கபேயாவது இன்னும் வாழையிலையிற் சோறு போடுகிறதே என்று எல்லோரும் ஆறுதலடைவர்.

இதனை நாக்குருசிப் பேச்சென்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் ஊரின் கோயில்களையும் பாடசாலைகளையும் பற்றி எழுதியவர் பலர். அவ்வூரின் சாப்பாட்டுக்கடையைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. ஆனால், ஊர் எவ்வாறு வாழ்ந்தது, யாரோடு யார் இருந்து உண்டனர், யார் வாசலில் நிறுத்தப்பட்டனர் என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு அந்தக் கடையைப் போன்ற சாட்சி வேறில்லை. ஆதலின் இந்நினைவுகளைப் பேணவேண்டும் என்பதே நம் கருத்து. அதனுடன் ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறோம்: இனித்ததை மட்டும் பேணி, கசந்ததைக் கழித்துவிடலாகாது.

முதலில் இனித்ததைக் கூறுவோம். அந்நாளைய சைவ ஹோட்டல் வயிற்றை நிரப்பும் இடமாக மட்டும் இருக்கவில்லை. சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலையும் மரக்கறியும் கொண்டுவந்த நீர்வேலி, உரும்பிராய்க் கமக்காரர், விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு முதலிற் கால்வைத்த இடம் அதுவே. சாவகச்சேரியிற் பலாப்பழமும் கொடிகாமத்திற் தேங்காயும் விலைபேசப்பட்ட நாட்களில், தரகரும் கமக்காரரும் பேசித் தீராத விலை தேநீர் மேசையிற் தீர்ந்தது. அடுத்த மேசையிற் கச்சேரி எழுதுவினைஞரும் ஆசிரியரும் வழக்கறிஞரின் குமாஸ்தாவும் இருந்தனர். ஒரே 'வீரகேசரி'யின் தாள்கள் பிரிந்து மூன்று மேசைகளுக்குப் போயின. 1959ஆம் ஆண்டில் 'ஈழநாடு' யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவரத் தொடங்கியபின், உள்ளூர்ச் செய்தியும் இந்த மேசைகளிற் காலையிலேயே அலசப்பட்டது. படித்தவன் வாசிக்க, வாசிக்கத் தெரியாதவன் கேட்டு, இருவரும் வாதாடிய அந்த இடம் ஒருவகைச் சனசமூக நிலையமாகவே விளங்கியது.

1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிற் கொழும்புக்குப் போவோரும், இரவுத் தபால் வண்டியில் வந்திறங்குவோரும் இக்கடைகளை நம்பியே பயணஞ் செய்தனர். கொழும்பில் ஆறு மாதம் உத்தியோகம் பார்த்து வருபவனுக்கு ஊர் வந்துவிட்டதென்ற உறுதியைத் தந்தது, விடியற்காலையில் ஆவி பறக்க வந்த இடியப்பமும் சொதியும் சம்பலுமே. வெள்ளிக்கிழமைகளில் விரதங் காத்துச் சைவக் கடையை நாடியவர்களிற் பலர், மற்றை நாட்களில் ஐந்துசந்தியில் இசுலாமியச் சகோதரரின் கடையிற் புரியாணியையும் இறைச்சிக் குழம்பையும் தேடிச் சென்றனர் என்பதும் ஊரறிந்த இரகசியமே. தின்றவர் வாய் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவியார் அறியாதவர்போல் இருந்தார்.

இனிக் கசந்ததற்கு வருவோம்.

மேலே நாம் சொன்ன மேசைகளில் எல்லாத் தமிழரும் இருந்தனரா? இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிகப் பல கடைகளில், தாழ்த்தப்பட்டோரென ஒதுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே இடமிருக்கவில்லை. வெளியில் நிலத்திற் குந்தியிருக்கவேண்டும். தேநீர் போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ வார்க்கப்பட்டது. கடைக்கு விறகு கொத்தியவனும், கடைக்காரன் அரைத்த மிளகாயை விளைவித்த கூலியாளும், பந்தலுக்கு ஓலை வெட்டியவனும் காசு கொடுத்தும் கதிரையில் இருக்க முடியாதிருந்த காலம் அது. அதே கடையின் தோசையை நாம் புகழும்போது, அந்தத் தோசை யாருடைய கைக்கு எட்டவில்லை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

இக்கொடுமையை எதிர்த்த குரல்கள் நம்மிடையே எழாமலில்லை. 1924ஆம் ஆண்டிற் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தீண்டாமையைக் கண்டித்தது. பாடசாலைகளிற் சமாசனம், சமபோசனம் என்ற கோரிக்கை எழுந்து, அதற்கு எதிராகப் பாடசாலைகள் கொளுத்தப்பட்ட வெட்கக்கேடும் நடந்தது. எம். சி. சுப்பிரமணியம் அவர்களும் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினரும் தேநீர்க் கடைக் கதவுகளைத் திறப்பிக்கப் பல்லாண்டு உழைத்தனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், உணவுச்சாலைகளிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமென விதித்தது. எனினும் சட்டப்புத்தகத்திற் திறந்த கதவு சந்தியிற் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அடுத்த ஆண்டிற் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைக்கப்பட்டது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் ஒரு கோப்பைத் தேநீருக்காக மனிதர் அடிபட்டனர். அப்போராட்ட காலத்தில் உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. அக்காலத்தின் வலியை அறிய விரும்புவோர் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படிக்கவேண்டும்.

பழைய கடைகளின் புகழைப் பாடும் பெரியோர்க்கு இவை தெரியாதவையல்ல. 'நல்லதைப் பேசும்போது பழைய புண்ணை ஏன் கிளறவேண்டும்?' என்று அவர்கள் கேட்கலாம். அவ்வாறு கேட்பதில் நியாயமில்லை என்றும் நாம் சொல்லவில்லை. தின்ற ஊண் நினைவுக்கு வரும்போது கண் கலங்குவது இயல்பு. ஆனால் அதே சந்தியில், அதே ஆண்டில், வெளியே குந்தியிருந்தவனுக்கும் ஒரு நினைவு உண்டு. அவனுடைய பேரன் இன்று வைத்தியராகவோ பொறியியலாளராகவோ நம்முடன் ஒரே மேசையில் இருக்கிறான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாய் இருந்து சாப்பிட்டோம்' என்று நாம் சொல்வோமாயின், அவன் மனத்தில் என்ன எழும்? ஒரு மக்களினம் மற்றவரிடம் நீதி கேட்கும்போது தன் வீட்டுக் கணக்கையும் ஒழுங்காக வைத்திருத்தல் வேண்டும்.

இக்கடைகள் எவ்வாறு மறைந்தன என்பதும் சொல்லப்பட வேண்டியதே. 'காலம் மாறிவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோர் பலர். காலமாகச் சென்று கடையை மூடியதுமுண்டு: பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்குப் போயினர், பின் கடல்கடந்து போயினர், சமையற்கட்டை ஏற்க ஆளில்லை. ஆனால் பல கடைகளைக் காலம் மூடவில்லை, மனிதர் மூடினர். 1981ஆம் ஆண்டு மே மாத முடிவிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்த நாட்களிற் கடைத்தெருவும் எரிந்தது; 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. 1983ஆம் ஆண்டு யூலையிற் கொழும்பிற் தமிழருடைய சைவ ஹோட்டல்கள் தீக்கிரையாயின. 1990ஆம் ஆண்டிற் கோட்டையைச் சுற்றிப் போர் மூண்டபோது பட்டினத்தின் நடுப்பகுதி இடிபாடாயிற்று. அவ்வாண்டிலேயே றெயில் நின்றது. மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வர 2014ஆம் ஆண்டாயிற்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் சீனியும் கிடையாமல், பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது.

இவ்விடத்தில் மற்றொரு கசப்பையும் மறைக்கலாகாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். ஐந்துசந்தியின் அடுப்புக்கள் ஒரே நாளில் அணைந்தன. சரியாக ஐந்து ஆண்டுகளின்பின், 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கில் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். வீட்டை விட்டு நடப்பது எத்தகையது என்பதை நாம் அன்று நம் காலாலேயே அறிந்துகொண்டோம். அறிந்த பின்னும், அந்தப் புரியாணியை நினைந்து வாயூறுவோம், அதைச் சமைத்தவன் எங்கே போனான் என்று கேளோம் என்றால், அந்த நினைவுக்கு என்ன மதிப்பு? துரத்தப்பட்ட குடும்பங்களிற் பல இன்றும் புத்தளத்திலேயே வாழ்கின்றன. திரும்பியோருக்கும் பழைய வாழ்வு முழுவதும் திரும்பவில்லை.

இனி, அடுப்படியில் நின்றவர்களைப் பற்றியும் ஒரு சொல். மேசை துடைத்தவரும் கோப்பை கழுவியவரும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த சிறுவரும் அவர்களுள் இருந்தனர். பாடசாலைக்குப் போகவேண்டிய வயதில் அவர்கள் நமக்குத் தேநீர் கொண்டுவந்தனர். முதலாளியின் பெயர் பலகையில் இருந்தது. அவர்களுடைய பெயரை நாம் கேட்டதில்லை. 'பொடியன்' என்று அழைத்தோம், வந்தான்.

அவ்வாறாயின் நாம் செய்யவேண்டியது யாது?

ஒன்று: எழுதி வைத்தல் வேண்டும். எழுபதும் எண்பதும் கடந்தோர் இருக்கும்போதே, ஒவ்வோர் ஊர்ச் சனசமூக நிலையமும் தன் சந்தியிலிருந்த கடைகளின் பெயர், அவற்றை நடத்தியோர், அங்கே சமைத்தோர், அங்கே இருத்தப்பட்டோர், நிறுத்தப்பட்டோர் ஆகியோரின் செய்திகளைக் கேட்டுப் பதிய வேண்டும். உயர்வகுப்பு மாணவர்க்கு இதைவிடச் சிறந்த வரலாற்றுப் பயிற்சி இல்லை. பழைய விலைப்பட்டியலும் பெயர்ப்பலகையும் புகைப்படமும் எவர் வீட்டுப் பரணிலேனும் கிடந்தால், அவை கறையான் அரிக்குமுன் நூலகத்துக்குச் சேரட்டும்.

இரண்டு: எஞ்சியதைத் தாங்குதல் வேண்டும். வட மாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்கள் இதற்கு நல்வழி காட்டுகின்றன. அங்கே குரக்கனும் ஒடியலும் உள்ளூர் அரிசியும் மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளன. மொட்டைக்கறுப்பன் விளைவிக்கும் கமக்காரனிடமிருந்து நேரே வாங்கும் உணவுச்சாலை பத்து இருந்தால், அவன் அந்த நெல்லைக் கைவிடான். 1970களில் இறக்குமதித் தடையால் நம் மிளகாய், வெங்காயக் கமக்காரர் தலைநிமிர்ந்ததையும், 1977ஆம் ஆண்டின் பின் வந்த திறந்த பொருளாதாரம் அவரைத் தாழ்த்தியதையும் அறிந்த நாம், உள்ளூரிற் கொள்வோர் இருப்பதன் அருமையை உணராதிருக்கலாமா?

மூன்று: எந்தக் கடையிலும், எந்தக் கோயில் மடத்திலும், எந்தக் கலியாணப் பந்தியிலும், வேறு கோப்பையோ வேறு வரிசையோ மீண்டும் தலைகாட்ட இடங்கொடுத்தல் ஆகாது. 'அதெல்லாம் போய்விட்டது' என்று சொல்வோர், தம் ஊர்ப் பந்தியில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழ் அன்பர்களே! மறைந்த உணவுச்சாலைகளைப் பற்றி இன்னும் நிறையப் பேசுங்கள். தோசையின் மொறுமொறுப்பையும் சொதியின் மணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே மூச்சில் சிரட்டையையும் சொல்லுங்கள், ஐந்துசந்தியையும் சொல்லுங்கள், பெயர் கேட்கப்படாத அந்தப் பொடியனையும் சொல்லுங்கள். இனி ஊரிற் திறக்கப்படும் கடை, பழைய கடையின் சுவையோடு, பழைய கடைக்கு இல்லாத ஒரு வாசலையும் உடையதாகட்டும்: எவரும் தலைகுனியாமல் நுழையக்கூடிய வாசல்.