தாயைக் காட்டாமல் குட்டியை விற்கலாமா?

தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறைச் செயலாளர் அவர்களின் சமூகத்திற்கு,



நாய்க்குட்டி வியாபாரத்தைப் பற்றி அரசாங்கத்தின் உயர்ந்த அதிகாரி ஒருவருக்கு மடல் எழுதுவதும், அதை ஊரார் எல்லோரும் படிக்கும்படி பத்திரிகையில் வெளியிடுவதும் மிகையான காரியம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் வாயில்லாப் பிராணியின் துன்பமும், அதை அறியாமல் பணத்தைக் கொடுக்கும் குடும்பத்தின் ஏமாற்றமும், இளைப்பு நோயுள்ள ஒரு குழந்தையின் சுவாசமும் இந்த ஒரே விஷயத்தில் வந்து சேர்ந்திருப்பதாலும், அதைச் சீர்செய்யும் அதிகாரம் தங்கள் துறையிடத்தும் மாநில விலங்குகள் நல வாரியத்திடத்தும் இருப்பதாலும், தங்களுக்கே எழுதுவதுதான் முறை என்று துணிந்தேன்.

கோயம்புத்தூரில் வசிக்கும் என் தம்பி மகன் தன் பெண்ணிடம் உயிரையே வைத்திருப்பவன். எட்டு வயதான அந்தக் குழந்தைக்கு மார்கழி பிறந்தால் இளைப்பு கண்டுவிடும். இன்ஹேலரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அவளுக்கோ நாய் என்றால் கொள்ளை ஆசை. குழந்தையின் ஆசையையும் நிறைவேற்ற வேண்டும், அவளுடைய மூச்சுக்கும் கெடுதல் வரக்கூடாது என்று தவித்துக்கொண்டிருந்த தகப்பனிடம், வெளியூர் வியாபாரி ஒருவர், “லாப்ரடூடுல் வாங்குங்க சார், முடியே கொட்டாது, அலர்ஜிங்கிற பேச்சே கிடையாது, கிராஸ் ஆனதால நோயும் வராது” என்று சொல்லியிருக்கிறார். லாப்ரடார் தாய்க்கும் பூடில் தந்தைக்கும் பிறந்த குட்டி. விலை 80,000 ரூபாய். அதில் 10,000 ரூபாய் முன்பணமாகப் போயும் விட்டது. முப்பத்தைந்து நாள் ஆன குட்டியைக் கூடையில் வைத்து ஆம்னி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு. குழந்தை அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

அவன் என்னிடம் கைபேசியில் அந்தக் குட்டியின் வீடியோப் படத்தைக் காட்டினான். வெள்ளைத் துண்டு விரித்த பிளாஸ்டிக் கூடை, கழுத்தில் சிவப்பு ரிப்பன், இன்னும் சுருள் விழாத மெல்லிய பழுப்பு முடி. எழுந்து நிற்க முயல்கிறது, பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்துவிடுகிறது. பிறகு துண்டின் மடிப்புக்குள் மூக்கை நுழைத்து எதையோ தேடுகிறது. அத்துடன் படம் முடிந்துவிடுகிறது. அது தேடியது எதை என்று பிள்ளை பெற்ற எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாய் எங்கே என்று கேட்கச் சொன்னேன். “மதர் ஃபார்ம்ல இருக்கு சார்” என்று பதில் வந்தது. எந்த ஊர், யாருடைய இடம், எத்தனை ஈத்து ஈன்ற நாய் என்ற கேள்விகளுக்கு விடை வரவில்லை. நேரில் வந்து பார்க்கிறோம் என்றதற்கு, யாரையும் உள்ளே விடுவதில்லை என்றும், வேண்டாமென்றால் முன்பணம் திரும்பாது என்றும் தெரிவித்துவிட்டார்கள்.

இந்தக் கலப்பினம் தோன்றிய வரலாற்றை நான் என் தம்பி மகனுக்குச் சொன்னேன். தங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஹவாய்த் தீவில் கண்பார்வையற்ற பெண்மணி ஒருவர், வழிகாட்டி நாய் ஒன்று வேண்டும், ஆனால் தம் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது என்று ஆஸ்திரேலியாவிலுள்ள வழிகாட்டி நாய்கள் ஸ்தாபனத்துக்கு எழுதினார். அங்கே நாய்களின் இனப்பெருக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த வாலி கான்ரன் என்பவர் பூடில் நாய்களைப் பழக்கிப் பார்த்து, அவை அந்தப் பணிக்கு ஒத்துவராததால், 1989ஆம் ஆண்டு லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. அந்தக் கணவருக்கு ஒவ்வாமை தராதது மூன்றில் ஒன்றுதான். ஒரு நல்ல நோக்கத்துக்காக, நிபுணர் ஒருவர், தாய் தந்தை இரண்டையும் தேர்ந்தெடுத்துச் செய்த முதல் முயற்சியின் பலனே இதுவென்றால், பெயர் தெரியாத தாய்க்கும் பெயர் தெரியாத தந்தைக்கும் பிறந்த குட்டிக்கு ‘அலர்ஜியே வராது’ என்று உத்தரவாதம் சொல்லுவது எந்த ஆதாரத்தின் பேரில்? கான்ரன் பிற்காலத்தில், தாம் தொடங்கி வைத்த இந்தக் கலப்பு, கண்மூடித்தனமான வியாபாரமாகப் பெருகியதைக் கண்டு வெளிப்படையாகவே வருந்தினார்.

முடி கொட்டாவிட்டால் ஒவ்வாமை வராது என்ற எண்ணமே பிழையானது. ஒவ்வாமையை உண்டாக்குவது முடியன்று; நாயின் உமிழ்நீரிலும் தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களிலும் இருக்கும் புரதங்கள். நிபுணர்கள் அவற்றில் முக்கியமான ஒன்றுக்குக் ‘கேன் எஃப் 1’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஹென்றி ஃபோர்டு மருத்துவ ஸ்தாபனத்தார் நாய் வளர்க்கும் வீடுகளின் தூசியைச் சேகரித்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு, ‘ஒவ்வாமை தராத இனம்’ என்று சொல்லப்படும் நாய்களின் வீட்டுக்கும் மற்ற நாய்களின் வீட்டுக்கும் இந்தப் புரதத்தின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை என்பதே. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் நடந்த ஆராய்ச்சியிலோ, பூடில், லாப்ரடூடுல் ஆகியவற்றின் முடியிலேயே அது அதிகமாகக் காணப்பட்டது. நாட்டு நாயை வளர்த்தால் குழந்தைக்கு இளைப்பு வராது என்று நான் வாதிக்கவில்லை. அப்படி எந்த இனத்துக்கும் சொல்ல முடியாது. குழந்தையை ஒரு குறிப்பிட்ட நாயோடு பலமுறை உட்கார்த்தி வைத்து, மருத்துவரின் யோசனையோடு பார்த்தறிவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கும் குட்டி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். போவதற்குத்தான் அனுமதி இல்லை.

கலப்பினம் என்றால் நோய் அண்டாது என்ற பேச்சையும் சற்று ஆராய வேண்டும். லண்டனிலுள்ள ராயல் வெட்டரினரி காலேஜ், காக்கப்பூ, லாப்ரடூடுல், கேவப்பூ என்ற மூன்று கலப்பினங்களையும் அவற்றின் மூல இனங்களையும் சேர்த்து 9,402 நாய்களின் விவரங்களைக் கொண்டு, 57 நோய்களைப் பற்றி ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒப்பீடுகளில் 86 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கலப்பினத்துக்கும் மூல இனத்துக்கும் வித்தியாசமே தென்படவில்லை. இதற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. விழித்திரை சிறுகச் சிறுக நலிந்து, முதலில் இரவுப் பார்வையும் பிறகு பகற் பார்வையும் போய்விடுகிற பரம்பரை நோய் ஒன்று லாப்ரடாரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. நோயின் கூற்றை மறைவாகச் சுமக்கும் தாயும் அதேபோல் சுமக்கும் தந்தையும் சேர்ந்தால், இனம் இரண்டாக இருந்தாலும், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு குருடாகும் வாய்ப்பு இருக்கிறது. ஈன்ற பிறகு அழுது பயனில்லை. சேர்ப்பதற்கு முன்பே ஒரு துளி இரத்தத்தையோ கன்னத்தின் உட்புறத்துத் துடைப்பையோ பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறும் அப்படியே: பெற்றோர் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சேர்த்தால் அதன் வாய்ப்பைக் குறைக்கலாம். சுத்த இன நாய்களுக்காவது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி ஆகாதெனினும், இன்ன தாய் இன்ன தந்தை என்பதாவது காகிதத்தில் இருக்கும். கலப்பினக் குட்டிக்கு அந்தப் ‘பேப்பரும்’ கிடையாது. விற்பவர் சொல்வதே வேதம்.

கலப்பதே பாவம் என்பதன்று என் அபிப்பிராயம். மூக்கு நசுங்கி மூச்சுவிடத் திணறும் பக் நாயைச் சுத்த இனம் என்று கொண்டாடுவதைவிட, பெற்றோரைச் சோதித்து அக்கறையோடு செய்யும் கலப்பு எவ்வளவோ மேல் என்றே நினைக்கிறேன். என் மனத்தாங்கலெல்லாம், சோதனையின்றிப் பிறப்பிப்பதும், பிறப்பித்த இடத்தை மறைப்பதும், மறைத்ததை விலையேற்றி விற்பதும் பற்றியதே.

குட்டி வீட்டுக்கு வந்தபின் நேரும் விஷயம் ஒன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உதிராத முடி என்றால், உதிர வேண்டிய முடியும் உடம்பிலேயே சிக்கிக்கொள்ளும் என்று பொருள். தினமும் தோல் வரையில் சீப்பிட்டு வாரி, மாதக்கணக்கு தவறாமல் கத்தரிக்காவிட்டால், காதின் பின்புறத்திலும் அக்குளிலும் வாலடியிலும் சடை பிடித்துவிடும். மேலே பார்த்தால் பஞ்சுபோல் அழகாகத்தான் இருக்கும். விரலால் விலக்கிப் பார்த்தால் அடியிலே முடி கம்பளமாக இறுகி, ஈரம் தேங்கி, தோல் சிவந்து புண்ணாகி, அந்த இடத்தைத் தொட்டாலே நாய் முனகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது வெகு சீக்கிரம் வருகிறது. பிறகு சீப்பு உதவாது. மயக்க ஊசி போட்டு முழுவதும் சிரைக்க வேண்டியதாகிவிடும். இவ்வளவு சிரத்தைக்கு அவகாசமில்லாத குடும்பங்கள், குற்ற உணர்ச்சியோடோ இல்லாமலோ, நாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள்.

இனி, சட்டத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. பெண் நாய் பதினெட்டு மாதம் ஆகாமல் சேர்க்கப்படலாகாது. ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. முப்பத்தைந்து நாள் குட்டியைப் பஸ்ஸில் அனுப்புவது இந்த எட்டு வார விதியிலேயே அடிபட்டுப்போகிறது. எட்டு வாரம் என்பதும் வெறும் எழுத்தன்று. அந்த வாரங்களில்தான் குட்டி, கடித்தால் வலிக்கும் என்பதையும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் தாயிடத்தும் உடன்பிறந்த குட்டிகளிடத்தும் கற்றுக்கொள்கிறது. ஐந்தாவது வாரத்தில், தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பு குறைந்துகொண்டிருக்க, தடுப்பூசியின் பலமும் முறையாக ஏறியிருக்காத நிலையில், இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கி வந்து சேரும் குட்டிக்குப் பார்வோ என்னும் வைரஸ் நோய் கண்டால், வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இரண்டொரு நாளில் முடிந்துவிடுவதை எந்தக் கால்நடை மருத்துவரும் தங்களுக்குச் சொல்லுவார்.

இந்த விதிகளுக்குத் தாய்ச்சட்டமாகிய 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், நம் திருவான்மியூரில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் விளைவு. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகம் பல்லாண்டுகள் சென்னையிலேயே இருந்தது. அத்தகைய பெருமையுள்ள சட்டத்தில், பிராணியைக் கொடுமைப்படுத்தியவருக்கு முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு குட்டியை 80,000 ரூபாய்க்கு விற்பவரை 50 ரூபாய் என்ன செய்யும்? அதைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை என்பதை அறிவேன். ஆனால் பதிவு செய்வதும், இடத்தைச் சோதிப்பதும், தவறியவரின் பதிவை ரத்து செய்வதும் மாநில வாரியத்தின் கையில் இருக்கின்றன.

இங்கிலாந்து தேசத்தார் இந்தக் கொடுமைக்குக் கண்ட பரிகாரம் மிக எளியது. வேல்ஸ் பகுதியில் குட்டி ஈனுவதற்காகவே அடைத்து வைக்கப்பட்டிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற கேவலியர் இனப் பெண் நாயின் பெயரால் வழங்கும் சட்டம், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி அங்கே அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக்கூடாது. பிறப்பித்தவரிடமே, பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். தாயை வைத்திருக்கும் நிலையை அறிய, அதை நேரில் பார்த்தவனுக்கு வேறெந்த அத்தாட்சியும் அவ்வளவு அவசியமில்லை. விலா எலும்பு தெரிகிறதா, மடி தொங்கிப் புண்ணாகியிருக்கிறதா, மனிதரைக் கண்டால் வாலாட்டி வருகிறதா அல்லது மூலையில் ஒடுங்குகிறதா என்பதைச் சாமானியனும் ஒரு பார்வையில் அறிந்துகொள்வான்.

ஆகையால் தங்களிடம் நான் பணிவோடு விண்ணப்பித்துக்கொள்வது இதுதான். பதிவு பெற்ற நாய் வளர்ப்போரின் பெயரும் பதிவு எண்ணும் அடங்கிய பட்டியலை, தமிழில், ஒவ்வொரு கால்நடை மருந்தகத்தின் சுவரிலும் மக்கள் பார்க்கும்படி ஒட்டச் செய்யுங்கள். பதிவு எண் இல்லாத குட்டி விளம்பரம் எதுவும், அது பத்திரிகையில் வந்தாலும் கைபேசியில் வந்தாலும், விசாரணைக்கு உரியது என்று அறிவியுங்கள். குட்டிகளைக் கூடையில் ஏற்றிச் செல்லும் ஆம்னி பஸ் உரிமையாளர்களைப் போக்குவரத்துத் துறையின் துணையோடு கண்டித்து நிறுத்துங்கள். சுத்த இனமாயினும் கலப்பினமாயினும், தாயையும் தாயின் மருத்துவச் சோதனைச் சீட்டையும் வாங்குபவருக்குக் காட்டாமல் விற்பவரின் பதிவைப் புதுப்பிக்க மாட்டோம் என்று வாரியத்தைச் சொல்லச் செய்யுங்கள்; அதை விதியாகவே சேர்க்கும்படி மத்திய அரசுக்கும் எழுதுங்கள்.

என் தம்பி மகன் இன்னும் முடிவு செய்யவில்லை. முன்பணம் போனால் போகட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். குழந்தையின் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறான். அவனைப் போன்ற தகப்பன்மார் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இன்று கைபேசியில் குட்டியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பணத்தை அனுப்புவதற்கு முன்பு, ‘தாயைக் காட்டு’ என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டென்று அரசாங்கத்தின் வாயால் அறியும்படி செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள குடிமகன்