பாட்டி வெச்சிருந்த வெள்ளி ரூபாய்: விற்கும் முன் ஆண்டைப் பாருங்க!

மஞ்சக்குட்டையில் இருந்து மலையிறங்கினால் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன சேலம். பழைய வெள்ளிக் காசை அங்கே தராசில் வைக்கும் முன், அதில் இருக்கும் ஆண்டைப் பார்த்தீங்களா?

1862 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். அதில் வெள்ளி மட்டும் சுமார் 10.69 கிராம். போர்க்காலத்தில், 1940-ல், வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது பிரிட்டிஷ் அரசு. எடை அதேதான்; ஆனால் வெள்ளி 5.83 கிராம். கிராம் 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டால், முதல் காசு 1,069 ரூபாய், அடுத்தது வெறும் 583. 1947-ம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல்தான்.

காந்தி நூற்றாண்டுக்கு 1969-ல் வந்த 10 ரூபாய் நாணயம் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. ஆக 12 கிராம். ஜார்ஜ் மன்னரையே முந்திட்டார் காந்தி!

இதெல்லாம் உருக்கு விலைதான். 1939 ஆண்டு ரூபாய் அபூர்வம் என்பதால் சேகரிப்பாளர்கள் பல மடங்கு தருவாங்க, போலிகளும் சுத்துது. புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க, அந்த விலை இறங்கிடும். நினைவுப் பதக்கம்னா தூய்மையைச் சோதிக்காமல் விலை பேசவே முடியாது, முலாமாகவும் இருக்கலாம்.

'காசுக்கு லட்சம் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க'ன்னு ரிசர்வ் வங்கி பெயரில் போன் வருதா? அப்படி எந்தக் கட்டணமும் தாங்கள் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது.