கொல்லைப்புறத் துப்பாக்கியும் அடுத்த வீட்டு அழைப்புமணியும்

எங்கள் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் வீட்டுக் கொல்லையில் ஏர்கன் பயிற்சி செய்து வருகிறார். நல்ல வாசகர், சாது. சென்னையின் தெற்கு விளிம்பில், ஏரியை ஒட்டிய மனைப்பிரிவு ஒன்றில் அவர் வீடு. கொல்லை மதிலுக்கு அப்பால் நெடுங்காலமாகக் காலி மனை. சீமைக்கருவேலமும் நெருஞ்சியும் மண்டிக் கிடந்தன. சென்ற ஆண்டு அங்கே ஒரு வீடு எழும்பியது. கிரகப்பிரவேசம் முடிந்து கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், ஒரு பாட்டி என்று ஒரு குடும்பம் குடிவந்தது. நண்பர் எங்களிடம் கேட்டார்: “இவர்களிடம் சொல்ல வேண்டுமா? சொல்வதானால் எப்படிச் சொல்வது?”

இத்தனை எளிய கேள்விக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கிடைத்த பதில்கள் எங்களைத் திகைக்க வைத்தன. நவீன இலக்கியம் படித்தவர்கள், மனித மனத்தின் நுட்பங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள் சொன்ன பதில்கள் அவை. மூன்று வகையாக அவற்றைத் தொகுக்கலாம். ஒன்று, சட்டம் அனுமதிக்கிறது, ஆகவே யாரிடமும் சொல்லத் தேவையில்லை. இரண்டு, கேட்டால் விளையாட்டுச் சாமான் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். மூன்று, உயிர்க்கொலைக் கருவியைக் கையில் வைத்திருப்பதே அநாகரிகம், தூக்கி எறிந்துவிட வேண்டும். இம்மூன்றும் தவறு என்பது எங்கள் வாதம். மூன்றும் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: அடுத்த வீட்டுக்காரரோடு பேசுவதைத் தவிர்க்கின்றன.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குண்டு புறப்படும்போதுள்ள ஆற்றல் 20 ஜூலையோ குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ தாண்டினால்தான் ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டும். நண்பருடையது அந்த வரம்புக்கு உட்பட்டது. சரி. ஆனால் அந்த வரம்பு எதைக் குறிக்கிறது என்று சட்டம் பேசிய நண்பர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்களா? அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு 20 ஜூல் ஆற்றலோடு புறப்பட்டால் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர். பத்து மீட்டர் நீளக் கொல்லையைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். குறி தப்பினால் மதிலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்க அதில் சிறு பங்கு ஆற்றல் போதும். உரிமம் வேண்டாம் என்று அரசு சொன்னது அரசுக்கும் துப்பாக்கிக்காரருக்கும் இடையிலான ஏற்பாடு. மதிலுக்கு அப்பால் விளையாடும் குழந்தை அந்த ஏற்பாட்டில் கையொப்பம் இடவில்லை.

சட்டமும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையின் 125-ஆம் பிரிவு, பிறர் உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும்படி அசட்டையாகவோ கவனக்குறைவாகவோ நடப்பதையே குற்றம் என்கிறது. காயம் ஏற்பட்டால் தண்டனை கூடும். ஆனால் குற்றமாவதற்குக் காயம் தேவையில்லை. பிரிட்டனில் இன்னும் தெளிவு. தன் இடத்தின் எல்லைக்கு வெளியே ஏர்கன் குண்டு போகும்படி சுடுவது, சுடுபவரின் வயது எதுவாயினும், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப்பின் அங்கே குற்றம். அதற்கு ஒரு விலக்கு உண்டு: குண்டு சென்ற இடத்தில் குடியிருப்பவர் முன்பே சம்மதித்திருக்க வேண்டும். இந்த விலக்கைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். அடுத்தவரின் சம்மதம் அங்கே சட்டத்தின் உறுப்பாகவே ஆகியிருக்கிறது. நம்மவர்களோ அதை மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாக, செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் பாதகமில்லை என்கிற சில்லறைச் சமாச்சாரமாக எண்ணுகிறார்கள்.

சட்டவாதிகளின் கடைசி அஸ்திரம் இது: “அவர் பல வருடங்களாகச் சுட்டுக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்தவர்கள்தாம் அனுசரித்துப் போகவேண்டும்.” கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். உண்மையில் நடந்தது என்ன? இத்தனை ஆண்டுகளாகத் தப்பிய குண்டுகளை வாங்கிக்கொண்டது எது? அடுத்த மனையின் வெறுமை. அது நண்பருக்குச் சொந்தமானதன்று. அந்த மனைக்கு அன்றும் ஓர் உரிமையாளர் இருந்தார். எங்கோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு வங்கிக் கடனுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நிலத்தை நண்பர் தம் பாதுகாப்பு எல்லையாக இலவசமாக அனுபவித்து வந்தார். அந்த அனுபவம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். முதலில் வந்தவர் என்பதற்காக நன்றிக்கடன் வேண்டுமானால் அதிகரிக்கலாம், உரிமை அதிகரிக்காது.

இரண்டாவது கூட்டத்தாரின் யோசனை இன்னும் மோசமானது. “பலூன் சுடுகிற துப்பாக்கிதான் என்று சொல்லிவிடுங்கள்” என்றார்கள். மெரினா மணலில், திருவிழாக் கடைகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பலகையில் வண்ணப் பலூன்கள், கையில் பழைய ஏர்கன். அந்த நினைவைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கிக்கு அண்ணன் என்ற அளவில் விஷயத்தைச் சுருக்கிவிட வேண்டுமாம். இதை நயமான பேச்சு என்று அவர்கள் நம்புவதுதான் ஆச்சரியம். ஆபத்தின் அளவை மறைத்துப் பெறும் சம்மதம் சம்மதமே ஆகாது. தவிர, இந்தப் பொய் முதலில் இழிவுபடுத்துவது அந்த விளையாட்டைத்தான்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதில் குண்டைப் பதிக்க மூச்சையும் இதயத் துடிப்பையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் வென்றது இதே போட்டியில்தான். பஞ்சாபில் அவருடைய குடும்பம் வீட்டிலேயே சுடுதளம் அமைத்துக் கொடுத்தது. ஆகவே வீட்டில் பயிற்சி செய்வதே தவறு என்று நாங்கள் சொல்லமாட்டோம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே போட்டியில் உலக அரங்குக்குச் சென்றவர். இவர்கள் விளையாட்டின் மதிப்பு முழுவதும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எப்போது சுடுவது என்பதைவிட எப்போது சுடாமல் துப்பாக்கியைக் கீழே வைப்பது என்பதை அவர்கள் முதலில் கற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் பலூன் கடை என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறவருக்கு அதன்மேல் மரியாதை இருப்பதாக எப்படி நம்புவது?

மூன்றாவது கூட்டத்தார் கருணைவாதிகள். இவர்களிடம் எங்களுக்கு அனுதாபம் உண்டு. கொல்லையில் ஏர்கன் வைத்திருப்பவர் கை சும்மா இருப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். காகிதத்தில் தொடங்கி, காலி டப்பாவுக்குப் போய், முருங்கைக் கிளையில் வந்து உட்காரும் புறாவில் முடியும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதில் கொல்வதோடு காயப்படுத்துவதையும் முயற்சியையும் சேர்க்கிறது. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் அதில் அடங்கும். காகம் முன்பு தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. இதையெல்லாம் கருணைவாதிகள் சொல்வது சரி. ஆனால் “தூக்கி எறி” என்று தீர்ப்பளித்துவிட்டு அவர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். எதிர்த்தரப்பு உடனே சாலிம் அலியை இழுத்து வருகிறது: “அவரும் ஏர்கன்காரர்தானே?”

அந்தக் கதையை ஒழுங்காகச் சொல்வோம். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைச் சாலிம் அலி கண்டார். அது என்ன பறவை என்று வீட்டில் தெரியவில்லை. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் அச்சிறுவனை விரட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. பறவையின் பெயரைச் சொன்னார். பாடம் செய்த பறவைகள் இருந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். 1985-இல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு ஒரு குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக வைத்தார் சாலிம் அலி. இக்கதை ஏர்கன்னுக்கு நற்சான்று வழங்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவனோடு ஒருவர் பொறுமையாகப் பேசினால் என்ன நடக்கக்கூடும் என்பதைத்தான் காட்டுகிறது.

இதை வெறும் இலட்சியவாதம் என்று ஒதுக்க நினைப்பவர்கள் செங்கல்பட்டைத் தாண்டி வேடந்தாங்கல்வரை போய்வரலாம். ஏரிக்கு வரும் பறவைகளைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டபோது அவ்வூர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்ற உழவர் கணக்கு அவர்களிடம் இருந்தது. 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். கையில் ஆயுதமும் ஆட்சியும் உள்ளவர்களிடம், இரண்டும் இல்லாதவர்கள் பேசிப் பெற்ற உரிமை அது. நம் காலத்து உதாரணமும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் காமெங் மாவட்டத்தில் 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. வேட்டை வழிவழியாக வந்த பகுதி அது. சோதனை போட்டுப் பறிமுதல் செய்யவில்லை. மக்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 1,600-க்கு மேற்பட்ட ஏர்கன்கள் வந்துசேர்ந்தன.

அப்படியானால் எங்கள் நண்பர் என்ன செய்ய வேண்டும்? மதில்மேல் தலையை நீட்டி, “சார், நான் கொஞ்சம் சுடுவேன், பயப்படாதீர்கள்” என்று தகவல் சொல்வது பேச்சு ஆகாது. வாசல்வழியாகப் போய் மணியடிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் இருக்கும் நேரத்தில் போக வேண்டும். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். அதன் ஆற்றல் என்ன, குண்டு எங்கே போய் நிற்கிறது, தப்பினால் எங்கே போகும் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அவர்களை அழைத்துவந்து இலக்கையும் அதன் பின்தடுப்பையும் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, அவர்கள் கொல்லையில் போய் நின்று தம் கொல்லையைப் பார்ப்பது. பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், துணி எங்கே உலர்கிறது, பாட்டி எப்போது கண்ணயர்வார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்நேரமும் “இப்போது வேண்டாம்” என்று ஒரு வார்த்தையில் நிறுத்தும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவர்கள் ஒரேயடியாக வேண்டாம் என்று சொன்னால், அந்தக் கொல்லையில் அந்தப் பயிற்சி முடிந்தது. சுடுதளம் உள்ள சங்கம் ஒன்றில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இது மிகை என்பார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. விசை எப்போது அழுத்தப்படும் என்பது சுடுகிறவருக்குத் தெரியும். மதிலுக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஒருவருடைய பொழுதுபோக்கு மற்றவருடைய அச்சமாக மாறுகிறது. அதைக் குறைக்கிற பொறுப்பு தெரிந்தவருடையது.

எங்களையும் நாங்கள் விட்டுவைக்கப்போவதில்லை. நகரத்துப் படிப்பாளிகளான நமக்கு அடுத்த வீட்டுக்காரர் அறிமுகமாவதே வண்டி நிறுத்தும் சண்டையிலோ ஆழ்துளைக் கிணற்றுத் தகராறிலோதான். சிட்டுக்குருவி மறைந்துபோனது குறித்துக் கவிதை எழுதுவோம். காவல் நிலையத்துக்கு மொட்டைக் கடிதமும் எழுதுவோம். அழைப்புமணியை அழுத்துவதற்கு மட்டும் விரல் வராது. இலத்தீன் அமெரிக்க நாவல்களை மூன்று மணிநேரம் அலசிய கூட்டத்தில் “போய்ப் பேசுங்கள்” என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறோம்.

நண்பர் கடைசியில் போனார். குடும்பத்தலைவர் தொழில்நுட்பக் கேள்விகள் கேட்டாராம். தாயார் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாராம். பாட்டி ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: “ஏன் தம்பி, நான் காக்காய்க்குச் சோறு வைக்கிற நேரத்துல சுட மாட்டீங்களே?” தினமும் சாப்பாட்டுக்கு முன் அவர் சோற்றுருண்டை வைப்பது அந்தக் கொல்லை மதில்மேல்தான். நண்பரின் இலக்கு நின்றதும் அதே மதிலின் இந்தப்பக்கம்தான். இத்தனை மாதங்களாக நண்பருக்கு இது தெரியாது.

அடுத்த வாரம் அவர் இலக்கைத் திருப்பி வைத்துவிட்டார். இப்போது மதிலுக்கு முதுகைக் காட்டி நின்று தம் சமையலறைச் சுவரை நோக்கிச் சுடுகிறார். களிமண் நிரப்பிய பெட்டிக்குப் பின்னால் இருப்பது அவருடைய சுவர், அவருடைய ஜன்னல்; பயிற்சி நேரத்தில் சமையலறையில் யாரும் இருக்கக் கூடாது என்று வீட்டில் விதி போட்டிருக்கிறார். தூரம் இரண்டு மீட்டர் குறைந்துவிட்டது, வெளிச்சமும் சரியில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். சட்டம் பேசிய நண்பர்களுக்கும் சமாளிக்கச் சொன்ன நண்பர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுவே: உங்கள் துப்பாக்கி அத்தனை பாதுகாப்பானது என்றால், முதலில் உங்கள் வீட்டை நோக்கித் திருப்பி வைத்துச் சுடுங்கள். அதற்குத் தயங்குவீர்களானால், பக்கத்து வீட்டாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.