புள்ளியை விழுங்கும் வெளிச்சம்

ஏ9 வீதியோரத்து மின்னொளிப் பலகைகள் கிளிநொச்சி நகரோடு நின்றுவிடப் போவதில்லை. நகரிலிருந்து மேற்கே உருத்திரபுரம் பக்கம் திரும்பினால், கொஞ்சத் தூரத்திலேயே இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்கள் வந்துவிடும். அங்கே இரவு, இரவாகவே இருக்கிறது. நகரத்துக்கென்று வைத்த அதே வெளிச்சத்தோடு ஒரு பலகை இந்த இருட்டுக்குள் வந்தால் என்னவாகும் என்று, அனுமதி கொடுக்க வேண்டிய கரைச்சிப் பிரதேச சபை இப்போதே யோசிக்க வேண்டும். விளம்பரப் பலகைக்குக் கட்டணம் வழக்கமாகப் பரப்பளவைப் பார்த்துத்தான் அறவிடப்படுகிறது. அந்தக் கணக்கில் வெளிச்சத்துக்கு இடமில்லை.

பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வித்தியாசம்தான் சிக்கலின் வேர். நேர் வெயிலில் விரித்த வெள்ளைத் துணி சதுர மீற்றருக்கு 20,000 கண்டெலாவைத் தாண்டி ஒளிரும். அந்த வெயிலில் கண்ணுக்குப் படவேண்டும் என்பதால் வெளிப்புற எல்.ஈ.டி. பலகைகள் 5,000 கண்டெலா அளவில் செய்யப்படுகின்றன. பொழுதுபட்ட பிறகு அதே அளவில் எரியவிட்டால் கதை மாறுகிறது. சர்வதேச ஒளியியல் ஆணையத்தின் 150ஆம் இலக்க வழிகாட்டி இரவில் நகர மையங்களுக்கு 1,000 கண்டெலாவையும், வெளிச்சம் குறைந்த கிராமப்புறத்துக்கு 400ஐயும் உச்சமாகச் சொல்கிறது. மங்கவைக்காத பலகை இந்தக் கிராம அளவைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். அதைக் கடந்து இருட்டுக்குள் போகும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கண் பழைய நிலைக்கு வர நேரம் பிடிக்கும். வீதியில் படுத்திருக்கும் மாடும் விளக்கில்லாத சைக்கிளும் அந்த நேரத்துக்குள்தான் எதிர்ப்படும்.

வெளிச்சம் கூடினால் எழுத்து தெளியும் என்ற நம்பிக்கை இன்னொரு பிழை. தமிழுக்கு அது இரட்டிப்புப் பிழை. கடைகளில் பரவலாக மாட்டப்படும் பி10 பலகையில் ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 10 மில்லிமீற்றர். ஒரு தகட்டின் உயரத்துக்குள் 16 வரிசைகள்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஏழு வரிசை போதும். நம்முடைய ணகரச் சுழியும் கொம்பும் மேலே குந்தியிருக்கும் மெய்ப்புள்ளியும் இந்தப் பதினாறுக்குள் நெருக்கியடித்துத்தான் நிற்க வேண்டும். இருட்டில் மிகை ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி விளிம்புகளைக் கரைக்கும். சுழிகளின் நடுத்துளை அடைபடும். ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். மெய்ப்புள்ளிக்குக் கிடைப்பதோ பல வேளை ஒரேயொரு விளக்கு. அது கருகினால் ‘பல் வைத்தியர்’ ‘பல வைத்தியர்’ ஆகிவிடுவார். இதற்கு மருந்து நெருக்கமான புள்ளிகளும், பெரிய எழுத்தும், கறுப்பான பின்னணியும், ஓடாமல் நிற்கும் வாசகமும். வெளிச்சத்தைக் கூட்டுவது தேய்ந்த றப்பர் முத்திரையை இன்னும் அழுத்திக் குத்துவது போன்றது.

போர்க்காலத்தில் குப்பி விளக்கில் படித்த வன்னிக்கு இப்போது வெளிச்சம் அதிகம் என்று சொல்வது நியாயமா என்று கேட்பார்கள். கேள்வி கனமானது, ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது புத்தகத்தில் விழும் ஒளி. வீதி விளக்கு தரையில் விழுகிறது, விளம்பரப் பலகை பார்ப்பவரின் முகத்தில் விழுகிறது. பெண்கள் இரவில் பாதுகாப்பாகப் போய்வரப் பலகை உதவும் என்ற வாதமும் இங்கேதான் சறுக்குகிறது: கண் கூசினால் பலகைக்குப் பின்னால் உள்ள இருட்டு இன்னும் கறுக்கும். வயலோரத்துக்குத் தனிக் கவலையும் உண்டு. நெல்லைத் தாக்கும் கபிலத் தத்தி விளக்கைத் தேடி வருவது கமக்காரருக்குப் புதிய செய்தியல்ல. குறுகிய பகலை உணர்ந்து பூக்கும் நெல் இனங்களில் இரவு வெளிச்சம் கதிர் வருவதைத் தாமதப்படுத்தும். இரவில் ஒளியைக் குறைப்பது சிறு கடைக்காரருக்குச் செலவு என்பது மிச்சமுள்ள ஆட்சேபம். பெரும்பாலான கட்டுப்பாட்டு அட்டைகளில் மணிக்கேற்ப ஒளியைக் குறைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. குறைத்தால் மின்கட்டணமும் குறையும், விளக்கின் ஆயுளும் நீளும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரமில்லாமல் இருந்த நாட்டில் இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

பலகைகளின் ஒளியளவைக் கண்காணிப்பது கடினம் என்று சபை சொல்ல முடியாது. அமெரிக்காவின் சர்வதேச விளம்பரப் பலகைச் சங்கம், அதாவது இந்தத் தொழில் செய்பவர்களின் அமைப்பே, ஒரு வழி சொல்லியிருக்கிறது. பலகையின் சதுர அடியை நூறால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை அடி தள்ளி நின்று அளப்பது என்று தெரிந்துவிடும். எட்டுக்கு நாலடிப் பலகைக்கு அது ஏறத்தாழ 57 அடி. அங்கே ஒளிமானியைப் பிடித்து, பலகையை ஒருமுறை அணைத்தும் ஒருமுறை எரியவிட்டும் பார்த்தால், வித்தியாசம் மூன்று லக்ஸ் அளவைத் தாண்டக் கூடாது. ஒரு உத்தியோகத்தருக்கு ஐந்து நிமிட வேலை, மாலை ஏழு மணிக்குப் பிறகு.