தொட்டிலும் வைத்தியசாலையும்

மகள் மருத்துவபீடத்துக்குத் தெரிவாகிவிட்டாள் என்றதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் உண்டாகும் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. கோயிலில் அருச்சனை செய்கிறோம். அயலாருக்கு இனிப்பு வழங்குகிறோம். ஆனால், அதே மகள் படித்து முடித்து, மணம் புரிந்து, கைக்குழந்தையை வீட்டில் விட்டுக் கடமைக்குப் புறப்படும் நாளில் நமது குரல் மாறிவிடுகிறது. “பிள்ளையை விட்டுவிட்டு அப்படி என்ன உத்தியோகம்?” என்று கேட்பவர்களும் நாமே. இக்கேள்வி நியாயமானதுதானா என்று சிறிது சிந்திப்போம்.

கனடாவில் 1873இல் பிறந்து, டொரன்டோவில் வைத்தியம் பயின்ற மேரி அம்மையார், இணுவிலில் பெண்களுக்காக அமெரிக்க மிஷன் மேற்கொண்ட வைத்தியப் பணிக்கென 1896இல் இலங்கைக்கு வந்தார். நம் பெண்களிற் பலர் ஆண் வைத்தியரிடம் தம் நோயைக் கூறவும் கூசிய காலம் அது. ஆயினும், அம்மையார் தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. இணுவிற் பணியும் கைகூடவில்லை. இழப்பு யாழ்ப்பாணத்துத் தாய்மாருடையது.

கொழும்பிலே அவர் நெடுங்காலம் வைத்தியம் செய்தார். பிள்ளைகளையும் பெற்று வளர்த்தார். மாதர் சங்கங்களைக் கட்டியெழுப்பினார். 1937இல் மாநகரசபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சேசே விருதும் பெற்றார். அவருடைய வழியை மறித்தது இல்லறமன்று. பிறர் விதித்த கட்டுப்பாடே.

தமிழகத்தில் 1912இல் வைத்தியப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1914இல் தம்மை மணக்க வந்த டாக்டர் சுந்தர ரெட்டியிடம், தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என முன்னரே நிபந்தனை விதித்தார். அவரும் இசைந்தார். இரு புதல்வர்களை வளர்த்த அவ்வம்மையாரே 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் தொடங்கியபின், பெண் வைத்தியர் நமக்குப் புதுமையல்லர். அரசாங்க சேவையில் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ லீவும் உண்டு. ஆனால், லீவு முடிந்தாலும் குழந்தையின் பசி முடிவதில்லை. இராக் கடமை வரும். தூர மாவட்டத்துக்கு மாற்றமும் வரக்கூடும். தன் பிள்ளை காய்ச்சலில் கிடக்க, பிறர் பிள்ளையின் காய்ச்சலைத் தணிக்கச் செல்லும் தாயின் மனவேதனையை எந்தச் சட்டமும் முற்றாக நீக்கிவிடாது.

அவ்வேளையில் தொட்டிலை ஆட்டுவது யார்? பெரும்பாலும் அம்மம்மாவே. அவருடைய அன்புக்கு ஈடில்லை. ஆயினும், ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு முதிய பெண்ணின் தோளுக்கு மாற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்ததென நாம் அமைதி கொள்வது முறையாகுமா? தகப்பனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றனவே! பாற்போத்தலைக் கழுவுவதால் எந்த ஆண்மகனின் மதிப்பும் குறைந்துவிடுவதில்லை.

கலியாணப் பேச்சின்போது காணி எவ்வளவு, நகை எவ்வளவு என்றெல்லாம் நுணுக்கமாக விசாரிக்கும் நாம், மகள் இராக் கடமைக்குச் செல்லும் நாளில் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்றும் கேட்டு வைத்தல் வேண்டும். படிக்கின்ற பெண்களே, உங்கள் சார்பில் பிறர் கேட்பரெனக் காத்திராதீர்கள், நீங்களே கேளுங்கள். அக்கேள்விக்கு முகம் சுளிக்காத வீடே வைத்தியராகிய மகளுக்கு ஏற்ற வீடு.